மால்டீஸ் நாயை வளர்த்துக் கண்காட்சிக்குத் தயார் செய்வது எப்படி: சிங்கப்பூர் வீடுகளுக்கான வழிகாட்டி

மால்டீஸ் குட்டி வாங்க நினைப்பவர், குட்டியைப் பார்க்கப் புறப்படும் முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். மடியில் படுத்துச் செல்லமாக வாழப் போகும் நாயா, கண்காட்சியில் நடுவர் முன் நிற்கப் போகும் நாயா என்பதுதான் அது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைக்க முடியாது. ஏனென்றால், கண்காட்சியில் இனத் தரத்தின்படி, அதாவது அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த விதிகளின்படி, மதிப்பிடப்படும் ஆண் நாய்க்கு இரண்டு விரைகளும் முறையாக இறங்கியிருக்க வேண்டும். இனவிருத்திக்கு ஏற்ற நாய்களை அடையாளம் காண்பதற்காகவே கண்காட்சி என்ற ஏற்பாடு உருவானதால், கருத்தடை செய்த நாய்க்கு அங்கே வழக்கமான பிரிவுகளில் பொதுவாக இடமில்லை. செல்ல நாய்தான் வேண்டும் என்பவர், தக்க வயதில் கருத்தடை செய்துவிட்டு, முடியைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றில் உடல்நலம் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும். நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு அதுவே சரியான வழி என்பது என் எண்ணம்.

சட்டம் அனுமதிப்பது எவ்வளவு

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மால்டீஸ் அந்தப் பட்டியலில் உண்டு. தனியார் வீடுகளில் 3 நாய்கள் வரை வைத்துக்கொள்ளலாம். 3 மாத வயதைத் தாண்டிய எந்த நாய்க்கும், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும், ஏவிஎஸ் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவின் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 15 வெள்ளி. செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. கண்காட்சிக்காக வளர்ப்பவர் ஆண்டுதோறும் இந்தக் கூடுதல் தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இனப்பெருக்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைக்காகக் குட்டி போடவைப்பது உரிமம் பெற்ற பண்ணைகளின் தொழில். வீவக வீட்டில் இருந்துகொண்டு ‘ஒரே ஒரு ஈற்று மட்டும் எடுத்து விற்றுவிடலாம்’ என்று நினைப்பதற்கு இடமே இல்லை. தனி வீட்டில் இருப்பவரும், ஒரே நேரத்தில் எத்தனை நாய்கள் வீட்டில் இருக்கலாம், பிறக்கும் குட்டிகளை எப்படிக் கைமாற்றலாம் என்பதை ஏவிஎஸ்ஸிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே இணைசேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுப்பது

உலக நாயினக் கூட்டமைப்பான எஃப்சிஐ, மால்டீஸ் இனத்துக்கு 65ஆம் எண் தரத்தை வகுத்திருக்கிறது. இத்தாலியின் பொறுப்பில் உள்ள இந்த இனம், துணை நாய்களுக்கான 9ஆம் குழுவில் வருகிறது. ஆண் நாயின் தோள் உயரம் 21 முதல் 25 செ.மீ., பெண் நாயின் உயரம் 20 முதல் 23 செ.மீ., எடை 3 முதல் 4 கிலோ. உடலின் நீளம் உயரத்தைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது மால்டீஸ் சதுரமான நாய் அன்று, சற்று நீண்ட நாய். நிறம் தூய வெள்ளை. வெளிர் தந்த நிறச் சாயல் இருந்தால் குற்றமில்லை. மூக்கு, கண்ணிமை ஓரம், உதடு ஆகியவை கருமையாக இருக்க வேண்டும். மூக்கு முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தாலும், மேல்தாடை துருத்திப் பற்கள் பொருந்தாமல் இருந்தாலும், கண்காட்சியைப் பொறுத்தவரை அந்த நாயின் கதை அத்துடன் முடிந்தது.

8 வாரக் குட்டியைப் பார்த்து ‘இது சாம்பியன் ஆகும்’ என்று உறுதி கூறுபவரை நம்ப வேண்டாம். அந்த வயதில் தெரிவது சில விஷயங்கள்தாம்: உடல் அமைப்பின் விகிதம், முதுகின் நேர்மை, வால் வேரின் உயரம், கண்ணின் கருமை, அந்நியர் தூக்கும்போது குட்டி காட்டும் துணிச்சல். பல் அமைப்பு நிலைத்த பற்கள் முளைத்த பிறகே உறுதியாகும், உயரமும் அப்படியே. ஆகவே கண்காட்சிக்கு நாய் தேடுபவர் 6 அல்லது 7 மாதக் குட்டியை வாங்குவது நல்லது. விலை கூடும், ஆனால் சூதாட்டம் குறையும்.

பெற்றோரின் மருத்துவச் சான்றுகளைக் கேளுங்கள். முழங்கால் சில்லு இடம் நழுவுவதும், கல்லீரலுக்குப் போக வேண்டிய இரத்தம் வேறு வழியாகத் திரும்பிவிடும் பிறவிக் குறையும், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய, இதயத்தை ஒட்டிய இரத்தக்குழாய் மூடாமல் இருப்பதும் இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுபவை. கல்லீரல் குறையைப் பித்த அமிலப் பரிசோதனை என்ற இரத்தப் பரிசோதனையால் ஓரளவு கண்டறியலாம். சாப்பிடும் முன் ஒருமுறை, சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பிரீடரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம்.

‘டீகப் மால்டீஸ்’ என்று ஓர் இனம் கிடையாது. எந்தத் தரத்திலும் அந்தப் பெயர் இல்லை. தரத்துக்குக் கீழே குறுகிப்போன குட்டிகளை அழகான பெயர் சூட்டி அதிக விலைக்கு விற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த உடல் ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். அதேபோல் ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பாலிருந்து காகிதமின்றி வரும் மலிவுக் குட்டிகளும் வேண்டாம். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. அந்த நிலையைக் காப்பதற்காகத்தான் இறக்குமதி விதிகள் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன.

முதல் மாதங்கள்

குட்டிக்கு 4 மாதம் ஆகும் வரை ஒரு நாளைக்கு 4 வேளை உணவு; பிறகு 3 வேளை. இந்த அளவு குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். தள்ளாடி நடந்தாலோ, கூப்பிட்டும் தலை தூக்காமல் கிடந்தாலோ, ஈறில் சிறிது தேன் தடவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தேனைத் தொண்டையில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

நம் வீட்டுச் சமையலில் நாய்க்கு ஆகாதவை பல. வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு அரிது. அவை இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதிலும் 3 கிலோ நாய்க்குச் சில பழங்களே ஆபத்து. தீபாவளி சமயத்தில் வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் ‘சித்தப்பா, தயவுசெய்து ஒன்றும் போடாதீர்கள்’ என்று வாசலிலேயே சொல்லிவிடுவது அநாகரிகம் ஆகாது. சைவ வீட்டில் வளர்ந்தாலும் நாய்க்கு நாய்க்குரிய சமச்சீர் உணவே தர வேண்டும். தயிர்சாதத்தில் வளர்ந்த மால்டீஸின் முடியைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிங்கப்பூரின் வெயிலும் ஈரமும் தனிக் கவனம் கேட்பவை. நடைக்குக் காலை 8 மணிக்கு முன்பு அல்லது மாலை 7 மணிக்குப் பிறகு அழைத்துப் போங்கள். புறங்கையைச் சிமென்ட் தரையில் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கும், உண்ணிக்கும் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் தடுப்பு மருந்து தர வேண்டும், ஏனென்றால் இங்கே குளிர்காலம் என்ற இடைவேளை கிடையாது. காதுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்; குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைத்து, பிறகு எடுத்துவிடுங்கள்.

பற்களைத் தினமும் துலக்குங்கள். சிறு இனங்களில் பால் கோரைப்பல் விழாமல், பக்கத்திலேயே நிலைத்த கோரைப்பல் முளைத்து நிற்பது சகஜம். இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். பால்பல்லை மருத்துவர் எடுத்துவிட்டால், நிலைத்த பல் தன் இடத்துக்கு வந்து பல் வரிசை காப்பாற்றப்படும்.

முடி: தினசரி உழைப்பு

மால்டீஸ் முடி ஒற்றை அடுக்கு. மற்ற பல நாய்களுக்கு இருப்பது போன்ற பஞ்சு உள்முடி இதற்கு இல்லை. பட்டு நூல் போல் நேராக விழுந்து, உடலில் சராசரி 22 செ.மீ. வரை வளர வேண்டும் என்கிறது தரம். அந்த நீளத்தை அடைய ஏறத்தாழ 2 ஆண்டு ஆகும். வளர்ப்பதைவிட உடையாமல் காப்பதே கடினம். தினமும் நுனி மிகச் சிறிதளவு ஒடிந்தாலும் வெளியே தெரியாது, ஆறு மாதம் கழித்துத்தான் ஏன் நீளவில்லை என்று புரியும்.

உலர்ந்த முடியை ஒருபோதும் சீவக் கூடாது. கண்டிஷனரை நீரில் மிகவும் நீர்க்கக் கரைத்து, புகைபோலத் தெளிக்கும் புட்டியில் ஊற்றி, சீவும் பகுதியை மட்டும் இலேசாக நனைத்துக்கொள்ளுங்கள். நுனியில் குமிழ் இல்லாத ஊசிகள் கொண்ட ‘பின்’ பிரஷ்ஷால் முடியின் நுனிப்பகுதியை முதலில் சீவி, படிப்படியாக மேலே போக வேண்டும். பிரஷ் முடியை விட்டு வெளியே வரும்போது மணிக்கட்டைத் திருப்பினால் நுனி ஒடியும். நேராக இழுத்து விடுங்கள். சிக்கு இருந்தால் விரலால் பிரித்து, பிறகு சீப்பின் கடைசிப் பல்லால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் அது கல்லாக இறுகிவிடும்.

வாரம் ஒரு முறை குளியல். ஷாம்பூவை நீரில் கலந்து, முதுகிலிருந்து கீழ்நோக்கி விரல்களால் வழித்துவிடுங்கள். நம் தலையைத் தேய்ப்பது போல் வட்டமாகத் தேய்த்தால் அத்தனை முடியும் முடிச்சாகிவிடும். கழுவிய நீர் தெளிவாக வரும் வரை அலசிவிட்டு, கண்டிஷனர் போட்டு மறுபடி அலச வேண்டும். துண்டால் அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றோரத்திலிருந்து அடுக்கடுக்காக முடியைப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் பிரஷ்ஷால் இழுத்துப் பிடித்தபடி மிதமான சூட்டில் டிரையரால் உலர்த்த வேண்டும். வேர் வரை உலராமல் விட்டால் நம் ஈரக்காற்றில் இரண்டே நாளில் வாடை வந்துவிடும், தோலும் புண்ணாகும். இறுதியில், வால் நீண்ட சீப்பின் நுனியால் பிடரியிலிருந்து வால் வரை நேர்வகிடு எடுங்கள். வகிடு கோணினால் முதுகே கோணியதாகத் தோன்றும்.

இனி காகிதம் சுற்றுவது. கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மெல்லிய அரிசித் தாளில் பொதிந்து வைப்பார்கள். ஒரு பகுதி முடியைச் சீவி, இலேசாகக் கண்டிஷனர் தெளித்து, நீளவாக்கில் மூன்றாக மடித்த தாளின் நடுவில் வைத்து இருபுறமும் மூட வேண்டும். அடியிலிருந்து மேலாக இரண்டு மூன்று மடிப்பு மடித்து, சிறிய லேடெக்ஸ் பேண்டை நடுவில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு பொட்டலத்தை விரலால் அசைத்துப் பாருங்கள்: தோலை இழுக்காமல் தளர்வாக ஆட வேண்டும். மூட்டுகளின் குறுக்கே ஒரு பொட்டலத்தில் முடியைச் சேர்க்கக் கூடாது. நாய் காலை நீட்டும்போது வலித்து, வாயால் பிய்த்து எறிந்துவிடும். காதில் சுற்றும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காது மடல் எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே சீப்பு ஒன்று நுழையும் இடைவெளி விட்டுத்தான் தாளும் பேண்டும் இருக்க வேண்டும். மடலின் நுனி பேண்டுக்குள் சிக்கினால் இரத்த ஓட்டம் நின்று காதே அழுகிவிடும். 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துச் சீவி மறுபடி சுற்ற வேண்டும்.

9 முதல் 12 மாதத்துக்குள் குட்டி முடி மாறிப் பெரிய முடி வரும்போது காலையில் எடுத்த சிக்கு மாலையில் மறுபடி இருக்கும். பெரும்பாலோர் கத்தரியைக் கையில் எடுப்பது இந்தக் காலத்தில்தான். இது சில வாரங்களில் அடங்கும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் தினம் இரண்டு முறை உட்காருங்கள்.

நம் வீடுகளுக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவினால் முடி வளரும் என்று பாட்டி சொல்வார். வெள்ளை முடியில் அது தூசியை இழுத்து மஞ்சளாக்கும், போதாக்குறைக்கு எறும்பும் வரும். மஞ்சள் கை பட்ட இடம் பல குளியலுக்குப் போகாது. குங்குமம், கோலப்பொடி, பூஜை அறை எண்ணெய் ஆகியவற்றிலிருந்து நாயைத் தள்ளியே வையுங்கள். திருஷ்டி கழிக்க நெற்றியில் மைப்பொட்டு வைக்கும் ஆசையைக் கண்காட்சி முடிந்த பின் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

கண்ணுக்குக் கீழே படியும் செம்பழுப்புக் கறைக்குக் காரணம் கண்ணீரில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி. காலையும் மாலையும் ஈரப்பஞ்சால் துடைத்து உலரவிடுவதே அடிப்படை வைத்தியம். கறை திடீரென்று கூடினால் கண்ணீர்க்குழாய் அடைப்போ, இமை முடி உரசலோ, பல் கோளாறோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கறை போக்கும் என்று விற்கப்படும் பொடிகளில் சிலவற்றில் ஆன்டிபயாடிக் கலந்திருப்பதுண்டு. அழகுக்காக அதை ஊட்டுவது தவறு.

ரிங்குக்குத் தயார் செய்வது

சிங்கப்பூரில் கண்காட்சிகளை நடத்துவது எஃப்சிஐயுடன் இணைந்த சிங்கப்பூர் கென்னல் கிளப். நாய் அதன் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெடிகிரி எனப்படும் வம்சாவளிச் சான்றிதழ் இல்லாத நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே போக முடியாது. எஃப்சிஐ முறையில் வயதுப் பிரிவுகள் உண்டு: 6 முதல் 9 மாதம் வரை குட்டிப் பிரிவு, 9 முதல் 18 மாதம் வரை ஜூனியர், 15 முதல் 24 மாதம் வரை இடைநிலை, 15 மாதத்துக்கு மேல் ஓபன், 8 வயதுக்கு மேல் முதுநிலை. முதல் கண்காட்சிக்கு வேடிக்கை பார்க்க மட்டும் போய், நடுவர் மால்டீஸ் நாய்களை மதிப்பிடும் களமான ரிங்கின் ஓரத்தில் நின்று, நடுவர் எதை எவ்வளவு நேரம் தொட்டுப் பார்க்கிறார் என்று கவனித்துவிட்டு வாருங்கள். அங்கே நாயை ரிங்கில் நடத்திக் காட்டும் ஹேண்ட்லர்களிடம் கேள்வி கேட்பதானால் அவர்கள் ரிங்கிலிருந்து வெளியே வந்த பிறகு கேளுங்கள். அதற்கு முன் அவர்களுக்கு உலகமே தெரியாது.

சிறிய நாய்களை நடுவர் மேசைமேல் வைத்துத்தான் பரிசோதிப்பார். ஆகவே குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்தே வழுக்காத விரிப்புப் போட்ட மேசையில் தினம் சில நிமிடம் நிற்கப் பழக்குங்கள். உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டுவது, ஒவ்வொரு பாதத்தையும் தூக்குவது, ஆண் நாயானால் விரைகளைத் தொட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் அது சலனமில்லாமல் நிற்க வேண்டும். நீங்கள் தொட்டால் நிற்கும் நாய் அந்நியர் தொட்டால் நிற்கும் என்று எண்ண வேண்டாம். மாமா, அத்தை, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி என்று வருகிறவர்களிடமெல்லாம் ‘கொஞ்சம் இவன் பல்லைப் பாருங்கள்’ என்று கேட்டுப் பழக்குங்கள்.

நடையும் அப்படியே. நடுவர் நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்வார், முக்கோணமாக ஓடச் சொல்வார், வட்டமாகச் சுற்றச் சொல்வார். மால்டீஸ் தரையோடு ஒட்டி வழுக்கிப் போவது போல் ஓட வேண்டும். குதித்துக் குதித்து ஓடினால் நாம் வேகமாக இழுக்கிறோம் என்று பொருள். புளோக்கின் கீழ்த்தளத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் பழகலாம். ஒருவரைக் கைபேசியில் படமெடுக்கச் சொல்லி, எந்த வேகத்தில் நாயின் நடை சீராக இருக்கிறது என்று பார்த்து, அந்த வேகத்தை உங்கள் காலுக்குப் பழக்குங்கள்.

உடை விஷயத்தில் ஒரு சொல்: வெள்ளை நாய்க்குப் பின்னால் வெள்ளையோ வெளிர் நிறமோ அணிந்து நின்றால் நாயின் முதுகுக்கோடு நடுவருக்குத் தெரியாது. அடர் நீலம், மரகதப் பச்சை, மெரூன் பொருந்தும். புடவை கட்டினால் கொசுவமும் தலைப்பும் நாயின் முகத்தில் அடிக்கும். சல்வாரும் தட்டைக் காலணியும் வசதி. சத்தமிடும் வளையலும் கொலுசும் வேண்டாம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் குளியல். அன்று காலை காகிதம் பிரித்து, சீவி, உச்சிமுடியைக் கட்டி, தாடையை உலர்ந்தபடியே வைத்திருங்கள். நீர் கொடுக்கக் கிண்ணம் வேண்டாம். உருளை முனை உள்ள புட்டியில் நக்கப் பழக்கியிருந்தால் மீசை நனையாது. பரிசுத் துண்டாக வேகவைத்து நன்றாக உலர்த்திய கோழியிறைச்சியை எடுத்துப் போங்கள். மசாலா பட்டதைக் கொடுத்தால் அந்தக் கறையோடுதான் ரிங்குக்குள் போக வேண்டியிருக்கும். முடியில் பவுடர், சாயம், ஸ்பிரே எதுவும் இருக்கக் கூடாது. எம்ஆர்டியில் செல்ல நாய்களை ஏற்ற முடியாது, ஆகையால் கார் அல்லது செல்லப்பிராணி டாக்சியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

சர்வதேச சாம்பியன் பட்டம் வேண்டுமென்றால், அந்தப் பட்டத்துக்கான தகுதிச் சான்றிதழான காசிப் நான்கு, மூன்று நாடுகளில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து கிடைத்திருக்க வேண்டும். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே ஓராண்டும் ஒரு நாளும் கடந்திருக்க வேண்டும். நாடே ஒரு நகரமாக இருக்கும் நமக்கு இது எல்லை தாண்டாமல் ஆகாது. மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பும் நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் எதிர்ப்புச்சக்தி இரத்தப் பரிசோதனையும் இறக்குமதி அனுமதியும் வேண்டும், தனிமைப்படுத்தலும் வரலாம். பல மாதங்களுக்கு முன்பே ஏவிஎஸ் விதிகளைப் பார்த்துத் திட்டமிடாவிட்டால், போன நாய் சுலபமாகத் திரும்ப முடியாது.

இணைசேர்ப்பதும் குட்டி போடுவதும்

ரிங்கில் பல நடுவர்களிடம் நல்ல மதிப்பீடு பெற்று, முழங்கால், கல்லீரல், இதயம் ஆகிய மூன்றிலும் தேர்ந்து, குணத்திலும் குறையில்லாத பெண் நாய்க்கு மட்டுமே இந்தப் பகுதி. சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது என்பதும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். குட்டி போட்ட பிறகு தாயின் முடி பெருமளவு கொட்டி, பழைய நீளத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், பட்டத்தை முடித்துக்கொண்டு இதற்கு வருவதே முறை.

இரண்டு வயதை ஒட்டி, எடை 3 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும்போது இணைசேர்க்கலாம். ஆண் நாய் தாயைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் பிரசவம் எளிது. இரண்டின் பெடிகிரியையும் பக்கத்தில் வைத்து, ஒரே முன்னோர் எத்தனை முறை வருகிறார் என்று எண்ணுங்கள். பெண் நாய் ஏறத்தாழ 6 மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரத்தம் தென்பட்ட நாளிலிருந்து நாள் எண்ணி முடிவு செய்வதைவிட, இரத்தத்தில் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோனின் அளவை அடுத்தடுத்துப் பரிசோதித்துக் கருமுட்டை வெளியாகும் நாளைக் கண்டறிவதே நம்பகமானது. அந்த நாளிலிருந்து சுமார் 63ஆம் நாள் பிரசவம்.

நாலாவது வாரத்தில் ஸ்கேன் மூலம் கரு உறுதியாகும். 55ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எண்ணிக்கை தெரியும். மால்டீஸ் ஈற்றில் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள். இந்த எண்ணிக்கை மிக முக்கியம், ஏனென்றால் எல்லாக் குட்டியும் வந்துவிட்டதா என்று அன்றிரவு உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கர்ப்பத்தின்போது அன்பு மிகுதியால் கால்சியம் மாத்திரையும் பால்பவுடரும் கொடுப்பவர்கள் உண்டு. அது உடல் தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் திறனை மந்தமாக்கி, பால் சுரக்கும் காலத்தில் வலிப்பு வர வழி செய்யும். மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம்.

58ஆம் நாளிலிருந்து காலை, மாலை இரு வேளையும் உடல் சூட்டை அளந்து எழுதி வையுங்கள். வழக்கமாக 38 டிகிரிக்கு மேலிருப்பது 37.2க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கும். மருத்துவருக்குத் தகவல் சொல்லி, இரவு முழுதும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். சிறு இனங்களில் சிசேரியன் அரிதன்று. முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைத் திரவம் வந்தாலோ, அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, உள்ளே குட்டி இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது.

பிறந்த குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து, சுத்தமான துண்டால் தேய்த்து அழவைத்து, தாயிடம் பால் குடிக்க விடுங்கள். குட்டி முதல் வாரத்தில் தன் உடல் சூட்டைத் தானே காக்காது. பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும் நம் ஊரில், குட்டி குளிரில் இறப்பதென்றால் அது ஏர்கானால்தான். அந்த அறையில் ஏர்கான் வேண்டாம். காற்றாடியும் நேராக வீசக் கூடாது. தாய்க்குச் சூடு தாங்காவிட்டால் அது நகர்ந்து படுக்க வெப்பம் குறைந்த ஒரு மூலை விடுங்கள்.

கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு குட்டியையும் தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். முதல் நாள் சற்றுக் குறையலாம். அதன் பிறகு தினமும் ஏற வேண்டும். ஏறாத குட்டியை எடை காட்டிய அன்றே மருத்துவரிடம் கொண்டு போனால் காப்பாற்றலாம். துவண்டு அழத் தொடங்கிய பிறகு போனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தாயையும் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய முதல் சில வாரங்களில் அது அமைதியின்றி உலாவி, மூச்சிரைத்து, கால் விறைத்து நடுங்கினால், அது கால்சியம் வீழ்ச்சி. குட்டிகளைப் பிரித்துவிட்டு, மணியைப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

10 முதல் 14 நாளில் கண் திறக்கும். 2ஆம் வாரத்திலிருந்து குடற்புழு மருந்து, 4ஆம் வாரம் குழைத்த உணவு, 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. இந்த வாரங்களில் மிக்சி சத்தம், கோயில் மணி, மின்தூக்கிக் கதவு, குழந்தைகளின் கை எல்லாம் குட்டிக்கு அறிமுகமாக வேண்டும்.

12 வாரம் ஆகும் முன் குட்டியை எங்கும் அனுப்பாதீர்கள். மால்டீஸ் அளவுக் குட்டிக்கு அந்த வயதில்தான் உணவின் ஒழுங்கு நிலைக்கும். கொடுக்கும்போது, வாங்குபவர் வீவக வீட்டில் இருப்பவரா, அங்கே ஏற்கெனவே நாய் உண்டா என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டை, எடைக் குறிப்பேடு, பித்த அமிலப் பரிசோதனை முடிவு, ஒரு வாரத்துக்குப் போதுமான பழகிய உணவு ஆகியவற்றைப் பையில் போட்டுத் தந்து, மைக்ரோசிப் பதிவைப் புதிய உரிமையாளர் பெயருக்கு அன்றே மாற்றிவிடுங்கள். கண்காட்சிக்குப் போகாத குட்டியானால் கருத்தடை செய்யும் வயதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். என்ன காரணத்தினாலும் வளர்க்க முடியாமல் போனால் நாய் உங்களிடமே திரும்பி வர வேண்டும் என்ற வரியை அந்தத் தாளில் தவறாமல் சேருங்கள்.